முளையும் கயிற்று வளையமும்

வைகாசி மாதக் காலையில் தூத்துக்குடி திரேஸ்புரம் கரையில் நின்றால் முதலில் காதில் விழுவது உளிச் சத்தம். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் என்பதால் பெரிய படகுகள் எல்லாம் மீன்பிடித் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கின்றன. நாட்டுப் படகுகளுக்குத் தடை இல்லை. இருந்தாலும் கச்சான் காற்று வலுப்பதற்குள் பழுது பார்த்துவிட வேண்டும் என்று பலரும் தங்கள் வள்ளங்களைக் கரையேற்றிப் போட்டிருக்கிறார்கள். ஒருவர் கலப்பத்து அடிக்கிறார். பலகைச் சந்தில் பஞ்சுத் திரியைத் திணித்து உளியால் ஏற்றிக்கொண்டே போகிறார். அவருக்கு அப்பால் இரண்டு பேர் மீன் எண்ணெயைத் துணியில் நனைத்துப் படகின் வயிற்றில் பூசுகிறார்கள். அந்த வாடையும் பக்கிள் ஓடையின் வாடையும் சேர்ந்துதான் இந்தக் கரையின் மணம்.

நான் பார்க்க வந்தது படகில் ஒரு சாண் அளவுள்ள இடம். கையால் வலிக்கும் சிறு படகில் தண்டு என்கிற நீளத் துடுப்பு படகின் விளிம்போடு சேருகிறதே, அந்த இடம். அங்கே தண்டு நழுவாமல் இருக்க வேண்டும், தாராளமாகத் திரும்ப வேண்டும், ஆள் முழுப் பலத்தையும் போட்டு இழுக்கும்போது விளிம்பைப் பிளந்துவிடவும் கூடாது. இந்த மூன்றையும் ஒரு மரமுளையும் ஒரு கயிற்று வளையமும் செய்துவிடுகின்றன. எப்படிச் செய்கின்றன என்பதை ஓடாவி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று வந்தேன்.

ஓடாவி அறுபதைத் தாண்டியவர். படகுத் தச்சு அவர் அப்பாவிடம் கற்றது. அவர் முன்னால் கிடந்தது வத்தை என்கிற பதினாறு அடி மரப்படகு. கரையோரம் நண்டு வலை போடுகிறவருடையது. பக்கத்திலேயே ஒரு பைபர் படகும் ஏறிக் கிடந்தது. அதன் சொந்தக்காரப் பையன், இருபத்தைந்து வயதிருக்கும், காலையிலிருந்தே காத்திருந்தான்.

“அண்ணாச்சி, எனக்கு ஓட்டை மட்டும் போட்டுக் குடுத்தா போதும். ஒரு கயித்த மாட்டிக்கிடுதேன்.”

“பொறுல மக்கா. இத முடிச்சிட்டு வாரேன். ஓட்டை போடுததா வேல?”

பையனின் அவசரத்துக்குக் காரணம் உண்டு. போன வருசம் கச்சான் அடித்த நாளில், வான் தீவுக்கு வெளியே அவன் படகின் எஞ்சின் நின்றுவிட்டது. கச்சான் மேற்கிலிருந்து வரும் காற்று. கரையை விட்டுக் கிழக்கே தள்ளும். படகில் இரண்டு துடுப்பு இருந்தது. ஆனால் அவற்றை மாட்டி வலிக்க ஒரு முளைகூட இல்லை. இரண்டு பேரும் விளிம்பில் மண்டியிட்டுத் துடுப்பைக் கையில் பிடித்தபடியே துழாவியிருக்கிறார்கள். காற்றுக்கு எதிரே அது எடுபடவில்லை. நங்கூரம் பிடித்த இடத்தில் சாயங்காலம் வரை கிடந்து, வேறொரு வள்ளம் வந்து கட்டியிழுத்திருக்கிறது. “துடுப்பு இருந்துச்சு அண்ணே, அத வச்சி என்ன செய்ய?” என்று என்னிடம் சொன்னான். அவன் முகத்தில் அந்த நாளின் பயம் இன்னும் போகவில்லை. கிழக்கே தள்ளிக்கொண்டே போனால் 1976-ஆம் ஆண்டு ஒப்பந்தம் மன்னார் வளைகுடாவில் வகுத்த எல்லைக்கோடு வருகிறது. அதற்கு அப்பால் போனவர்களின் கதை இந்தக் கரையில் எல்லா வீட்டுக்கும் தெரியும்.

ஓடாவி வத்தைக்குத் திரும்பினார். பழைய முளை விளிம்போடு சரியாக ஒடிந்து போயிருந்தது. அவர் விளிம்புக்கு அடியில் கையை விட்டு, கீழே நீட்டிக்கொண்டிருந்த முளையின் வாலைத் தடவிப் பார்த்தார். கொட்டாப்புளியால் கீழிருந்து இரண்டு தட்டு. ஒடிந்த துண்டு மேலே எழும்பி வெளியே விழுந்தது. இந்த வேலை இவ்வளவு சுலபமாக இருப்பதற்குக் காரணம், முளை மேலே தடித்துக் கீழே ஒடுங்கிப் போவது. மேலிருந்து அடித்தால் இறுகும், கீழிருந்து அடித்தால் கழன்றுவிடும். ஆணி கிடையாது, பசை கிடையாது.

“ஆணி அடிச்சிருந்தா?” என்று கேட்டேன்.

“அடிச்சிருந்தா ஒடஞ்ச கட்டைய எப்படி எடுப்பீய? கடலுக்குள்ள வச்சி ஒடஞ்சா? ஆணியும் துருப்பிடிச்சி விளிம்பத் தின்னுரும்.”

புது முளைக்கு அவர் எடுத்தது வேப்பங்கட்டை. பக்கத்தில் கருவேலத்துண்டும் கிடந்தது. வைரம் பாய்ந்த, கறுத்த, கல் மாதிரி கனக்கிற கட்டை. அதை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டபோது அவர் சொன்ன பதிலுக்காகவே நான் இவ்வளவு தூரம் வந்தது தகும்.

“கருவேலத்துல போட்டா முளை ஒடையாது தம்பி. விளிம்பு பௌந்துரும். முளை ஒடஞ்சா வேற முளை அடிக்க அஞ்சு நிமிசம். விளிம்பு பௌந்தா படகு பத்து நாளு கரையில கெடக்கும்.”

முளை ஒடிவதை அவர் குறையாகப் பார்க்கவில்லை. எது முதலில் ஒடிய வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்து, அந்த இடத்தில் மலிவான, எளிதில் மாற்றக்கூடிய பொருளை வைக்கிறார். விளிம்புப் பலகை அயினி. கேரளத்திலிருந்து வாங்கி வந்தது, விலை கூடியது, வளைத்துப் பொருத்தப் பல நாள் ஆகும். அதைக் காப்பாற்றத்தான் பெருவிரல் தடிமனில் ஒரு வேப்பமுளை.

முளையின் மேல் விழும் பாரம் நாம் நினைப்பதைவிடக் கூடுதல். பத்தடித் தண்டு என்று வைத்துக்கொள்வோம். அதில் கால் பாகத்துக்குச் சற்றுக் கூடுதலான நீளம் படகுக்குள்ளே இருக்கும், மிச்சம் வெளியே. வலிப்பவர் கைப்பிடியில் 20 கிலோ பலத்தில் இழுத்தால், தண்ணீருக்குள் இருக்கும் பலகையில் சுமார் 8 கிலோ விழும். இரண்டும் ஒரே திசையில் தண்டைத் தள்ளுகின்றன. நடுவில் நின்று தாங்குவது முளை. ஆக முளைக்கு 28 கிலோ. அதுவும் ஒரே சீராக வருவதில்லை, ஒவ்வொரு வலிப்புக்கும் வந்து வந்து போகும். அலை மேட்டில் பலகை தண்ணீருக்குள் ஆழச் சிக்கிக்கொண்டால் இது ஒரே நொடியில் பல மடங்காகும். முளை ஒடிவது அப்போதுதான்.

அதனால் விளிம்பில் வெறுமனே துளை போட்டு முளையைச் செருகிவிட முடியாது. வத்தையின் விளிம்புக்கு அடியில், உள்பக்கமாக, ஒரு முழ நீளத்துக்குத் தடித்த கட்டை ஒன்று பொருத்தியிருந்தது. அதன் இரு முனையும் படகின் இரண்டு விலாச்சட்டங்களில் போய் உட்கார்ந்திருந்தன. முளை விளிம்பைத் துளைத்து, அந்தக் கட்டையையும் துளைத்துக் கீழே வருகிறது. வலிக்கும்போது வரும் பாரம் முளையிலிருந்து கட்டைக்கும், கட்டையிலிருந்து இரண்டு விலாவுக்கும் பிரிந்து போகிறது. இந்தக் கட்டை இல்லாத படகில் எவ்வளவு நல்ல முளை போட்டாலும் துளை கொஞ்சம் கொஞ்சமாக நீள்வட்டமாகும், பிறகு ஆடும், பிறகு விளிம்பில் நீளவாக்கில் ஒரு விரிசல் ஓடும். ஓடாவி பழைய கட்டையில் துளையைச் சுற்றி விரலை ஓட்டிப் பார்த்தார். ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. யோசிக்காமல் கட்டையையே கழற்றிப் புதிதாக இழைக்கத் தொடங்கினார்.

இழைப்புளி ஓடும்போது அவர் பேசமாட்டார். சுருள் சுருளாக மரம் உதிர்வதைப் பார்த்துக்கொண்டு பையனும் நானும் சும்மா இருந்தோம்.

முளை எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு அவரிடம் டேப் தேவைப்படவில்லை. வலிப்பவர் அணியத்துக்கு, அதாவது படகின் முன்முனைக்கு, முதுகு காட்டிக் குறுக்குப்பலகையில் உட்காருகிறார். முளை அவருக்கு முன்னால் வரும். பலகையின் ஓரத்திலிருந்து ஒரு சாணும் நாலு விரலும். கிட்டத்தட்ட ஒரு அடி. அதைவிடக் கிட்டே இருந்தால் கைப்பிடி நெஞ்சில் வந்து முட்டும், தூரமாக இருந்தால் குனிந்து குனிந்து இடுப்பு போய்விடும். உயரத்துக்கும் கணக்கு இருக்கிறது. உட்காரும் பலகையிலிருந்து விளிம்பு குறைந்தது ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக மேலே இருக்க வேண்டும். இல்லையென்றால் தண்டைத் தண்ணீரிலிருந்து எடுத்துப் பின்னால் கொண்டுபோகும்போது கைப்பிடி தொடையில் இடிக்கும். உலகத்தில் எங்கே கைவலிப் படகு கட்டினாலும் இந்த அளவுகள் ஏறக்குறைய இதுவாகத்தான் வரும், மனித உடம்பின் அளவு எங்கும் ஏறக்குறைய ஒன்றுதானே.

கட்டை பொருத்தியாயிற்று. துளை போட்டதும் முளையைக் கையால் செருகிப் பார்த்து, எடுத்து, வாச்சியால் இரண்டு சீவல் சீவி, மறுபடி செருகினார். முளை நன்றாகக் காய்ந்த கட்டையாக இருக்க வேண்டும் என்றார். கடல் தண்ணீர் பட்டதும் ஊதி, துளையில் தானாக இறுகிக்கொள்ளும். அதற்காக முதலிலேயே ஓங்கி அடித்து ஏற்றினால், ஊதுகிறபோது முளையே ஆப்பாக மாறி விளிம்பைப் பிளந்துவிடும். ஊதுவதற்குக் கொஞ்சம் இடம் விட்டு அடிப்பதில்தான் அவர் கைப்பழக்கம் தெரிந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் சத்தம் மாறுவதைக் காதால் கேட்டுக்கொண்டே அடித்தார், ஒரு சத்தம் வந்ததும் நிறுத்திவிட்டார்.

கடைசியாக, கீழே நீட்டிக்கொண்டிருந்த வாலில் சின்னத் துளை போட்டு ஒரு மெல்லிய கயிற்றைக் கோர்த்து விலாச்சட்டத்தில் கட்டினார். முளை எகிறிப்போனாலும் கடலில் விழாது, படகிலேயே தொங்கும். கடற்படையின் வேலர் படகுகளில் இரும்பிலோ பித்தளையிலோ செய்த, ‘ப’ எழுத்தின் வடிவமுள்ள தண்டுத் தாங்கிகள் உண்டு. அவற்றையும் ஒவ்வொன்றாகக் கயிறு போட்டுப் படகில் கட்டித்தான் வைப்பார்கள். என்.சி.சி. கடற்படைப் பிரிவில் படகு வலித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். திரேஸ்புரத்து ஓடாவிக்கும் கடற்படைக்கும் இந்த விஷயத்தில் அபிப்பிராயபேதமே இல்லை.

அடுத்தது வளையம். இதை ஓடாவி செய்யவில்லை, வத்தையின் சொந்தக்காரரே செய்தார். முப்புரித் தென்னைநார்க் கயிற்றில் ஒரு பாகம் நீளத்துக்கு வெட்டி, அதிலிருந்து ஒரே ஒரு புரியை மட்டும் முறுக்குக் கலையாமல் உருவி எடுத்தார். உருவிய பிறகும் அந்தப் புரி பழைய முறுக்கின் வளைவுகளை விடாமல் சுருள் சுருளாக நின்றது. அதை வேண்டிய அளவுக்கு வட்டமாக வளைத்து, மிச்ச நீளத்தை அந்த வளைவுகளின் பள்ளத்திலேயே பதித்துக்கொண்டு ஒரு சுற்று, மறுபடி ஒரு சுற்று. மூன்று புரியும் ஒரே புரியால் ஆன முழுக் கயிற்று வளையம் கையில் வந்துவிட்டது. முடிச்சு எங்கே என்று தேடினால் கிடையாது. இரண்டு முனையையும் புரிகளுக்குள்ளே செருகி மறைத்துவிட்டார். முடிச்சு இருந்தால் தண்டு அதில் உரசி உரசி அங்கேதான் முதலில் அறுந்துபோகும்.

நைலான் கயிறு ஏன் வேண்டாம் என்று அவரிடம் கேட்டேன். கையில் இருந்த வளையத்தைத் தண்டில் மாட்டித் திருகிக் காட்டினார். நார்க்கயிறு சொரசொரப்பாகத் தண்டைப் பிடித்துக்கொண்டது. நனைந்தால் இன்னும் இறுகும். நைலான் வழுக்கும், பாரம் ஏறினால் நீளும், வெயிலில் கிடந்து விறைத்துப்போகும். நீண்டுபோன வளையத்தில் தண்டு முளையை விட்டு விலகி விலகி வந்து இடிக்கும், இடித்த இடத்தில் முளை ஒடியும். ஆனாலும் கரையில் பார்த்த படகுகளில் பாதிக்கு மேல் நைலான்தான் கட்டியிருந்தது. வலைக்கு வாங்கியதில் மிச்சம் கிடக்கிறது, அதனால் கட்டுகிறார்கள். எனக்கு இதில் மனசு ஒப்பவில்லை. நார்க்கயிறு வாங்க ஆகும் செலவு ஒரு வேளை டீச்செலவு.

தண்டில் வளையம் உரசும் இடத்தில் பழைய சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றி, மேலே மெல்லிய கயிற்றால் வரிந்து கட்டியிருந்தார். ஆணி வைத்து அடிக்கவில்லை. தண்டில் பாரம் முழுக்க விழும் இடம் அது. அங்கே ஆணித்துளை போட்டால் தண்டு ஒடிவது அந்தத் துளையில்தான்.

முடிந்ததும் “ஏறுங்க, ஒரு சுத்து போய்ட்டு வருவோம்” என்றார். கரையோரம் காற்று இன்னும் எழும்பவில்லை. வத்தையைத் தள்ளி இறக்கி ஏறிக்கொண்டோம். தண்டை வளையத்துக்குள் விட்டு முளையில் மாட்டினேன். அவர் உடனே கையைப் பிடித்து நிறுத்தினார். நான் தண்டை முளைக்கு அணியப்பக்கம் வைத்திருந்தேன். “இப்படி வச்சா ஒவ்வொரு வலிக்கும் கயிறுதான் தாங்கும். கடைப்பக்கம் வைங்க. முளையில சாஞ்சி வலிங்க. கயிறு சும்மா பிடிச்சிக்கிட்டு வந்தா போதும்.” மாற்றி மாட்டி வலித்தபோது வித்தியாசம் கையிலேயே தெரிந்தது. தண்டு முளையில் கெட்டியாக அமர்ந்து, படகு ஒவ்வொரு வலிக்கும் முன்னே போயிற்று. பின்னுக்குத் தள்ளும்போது மட்டும் கயிற்றில் பாரம் ஏறும். அதற்கு அது தாங்கும்.

நடுவில் அவர் தண்டுகளை வாங்கி, வேண்டுமென்றே இரண்டையும் கைவிட்டார். இரண்டும் படகை ஒட்டிப் பின்னோக்கிப் படுத்துக்கொண்டன, வளையங்கள் விடவில்லை. வலை இழுக்க இரண்டு கையும் வேண்டும். ஒற்றை ஆளாகப் போகிறவர் தண்டை எடுத்துப் படகுக்குள் அடுக்கிக்கொண்டிருக்க முடியாது. அயர்லாந்தின் மேற்குக் கரையில் கரக் என்ற படகில் தண்டிலேயே துளையுள்ள கட்டை ஒன்றைப் பொருத்தி, அந்தத் துளையை விளிம்பு முளையில் மாட்டிவிடுவார்கள்; அங்கேயும் வலை இழுக்கிறபோது தண்டைக் கைவிட்டுவிடலாம். அட்லாண்டிக் கரையிலும் மன்னார் வளைகுடாவிலும் மீனவர்களுக்கு வந்த தேவை ஒன்று, கண்டுபிடித்த வழியும் ஏறக்குறைய ஒன்று.

கரையிலிருந்து சற்றுத் தள்ளி வந்ததும் தெற்கே பழைய துறைமுகத்தில் தோணிகளின் பாய்மரங்கள் தெரிந்தன. மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிப்போகிற தோணிகள். அதற்கும் தெற்கே புதிய துறைமுகத்தின் கிரேன்கள். தூத்துக்குடி பெருந்துறைமுகமானது 1974-இல். அதற்கு முன்பு வரை இங்கே கடல் ஆழமில்லாததால் பெரிய கப்பல்கள் கரையிலிருந்து சுமார் 5 மைல் தள்ளி நங்கூரமிடும். சரக்கும் ஆட்களும் தோணியிலும் படகிலும்தான் போய்வர வேண்டும். 1906-இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியின் கப்பல்களும் இதே கடலில்தான் நின்றன. காற்று இருந்தால் பாய், காற்று விழுந்தால் தண்டு. இந்த ஊரின் வணிகத்தில் நீண்ட காலத்துக்கு அந்த ஐந்து மைலின் பாரம் மரமுளைகளின் மேல் விழுந்திருக்கிறது.

முத்துக் குளிப்புக்கும் அதே கதை. சலாபம் என்கிற முத்துக் குளிப்புக் காலத்தில் படகுகள் நள்ளிரவில் கரைக்காற்றைப் பிடித்து, பார் என்கிற சிப்பித் திட்டுக்குக் கிளம்பும். விடியும்போது தொள்ளாயிரம் பார் போன்ற முத்துப்பார்களில் நின்றுகொள்ளும். நண்பகல் வரை குளிப்பு. பிற்பகல் கடல்காற்று வந்ததும் சிப்பி மூட்டைகளோடு கரைக்குத் திரும்பும். காற்று சரியாக வந்தால் இவ்வளவு அழகு. வராத நாளில், காலையிலிருந்து முங்கி எழுந்து களைத்த ஆட்கள் இருக்கும் படகை மைல் கணக்கில் தண்டு வலித்துத்தான் கொண்டுவர வேண்டும். கிடைத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு வழக்கம். முத்துக் குளிப்பைப் பற்றி எழுதியவர்கள் முத்தின் நிறத்தையும் குளிப்பவர் மூச்சடக்கும் நேரத்தையும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். தண்டு வலித்தவர்களைப் பற்றி ஒரு வரி, இரண்டு வரி. எனக்கு இது எப்போதும் உறுத்தும்.

பாரசீக வளைகுடாவின் முத்துப் படகுகளில் தண்டுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. பாருக்கு வந்து நின்றதும் தண்டுகளைப் படகின் இரு பக்கமும் கடலுக்கு மேலே நீட்டிக் கட்டிவிடுவார்கள். குளிப்பவர்களின் கல்லும் கயிறும் அவற்றிலிருந்து தொங்கும், மேலே வந்தவர்கள் மூச்சு வாங்க அவற்றைத்தான் பிடித்துக்கொள்வார்கள். நம் பக்கத்தில், மன்னார் வளைகுடாப் படகுகளில், பக்கவாட்டில் கழிகளைச் சட்டமாகக் கட்டி அதிலிருந்து கல்லைத் தொங்கவிட்டதாக எழுதியிருக்கிறார்கள். எந்த முறையானாலும் ஒரு ஆளின் உயிர் விளிம்பில் போட்ட கட்டின் உறுதியில் நின்றது.

தூத்துக்குடியிலிருந்து கடைசியாக முத்துக் குளித்தது 1961-இல். 1955 தொடங்கி வருடா வருடம் நடந்தது அதோடு நின்றுபோயிற்று. பார்களில் சிப்பி மறுபடி அந்த அளவுக்குப் பெருகவில்லை. 1973-இல் வேப்பலோடையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த அழகர்சுவாமி குழுவினர் வளர்ப்பு முத்தை எடுத்துக் காட்டினார்கள். அது தனி வரலாறு. சங்குக் குளிப்பு மட்டும் திரேஸ்புரத்து வள்ளங்களில் இன்றும் நடக்கிறது. கீழே ஆள் இருக்கும்போது எஞ்சின் விசிறி சுழலக் கூடாது. அதனால் அந்த வள்ளங்களில் தண்டுக்கும் முளைக்கும் இன்னும் மரியாதை இருக்கிறது என்று வத்தைக்காரர் சொன்னார்.

இதே தூத்துக்குடியில் முத்து, சங்குக் குளிப்புகளின் மேற்பார்வையாளராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920-இல் இந்தியப் படகு வடிவங்களின் தோற்றத்தைப் பற்றி ஒரு பெரிய ஆய்வு வெளியிட்டார். பசிபிக் தீவுகளின் படகுகளோடு நம் படகுகளை ஒப்பிட்டு அவர் எழுதியவற்றை இன்றும் விவாதிக்கிறார்கள். நான் அவரிடம் மதிப்பது வேறொன்று. படகு எதனால் கட்டப்படுகிறது, எந்த மரம், எந்தக் கயிறு, எங்கே கட்டு என்று உட்கார்ந்து பார்த்து எழுதினார். சென்னையில் துறைமுகம் வருவதற்கு முன்பு அலையைத் தாண்டி ஆட்களைக் கரைசேர்த்த மசூலா படகு ஆணியில்லாமல் கயிற்றால் தைத்தது. ஆணி அடித்த படகு மணலில் அறைபட்டால் உடைந்துபோகும், தைத்த படகு வளைந்து கொடுக்கும். வேப்பமுளையும் நார்வளையமும் அந்த அறிவின் வழிவந்தவை என்றே நினைக்கிறேன்.

கரைக்குத் திரும்பியபோது ஓடாவி பைபர் படகின் விளிம்பில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். மெல்லிய சத்தம். விளிம்பில் முன்பு யாரோ இரும்புத் தாங்கி ஒன்றை இரண்டு திருகாணியில் பொருத்தியிருந்த தடம் தெரிந்தது. திருகாணி பிடுங்கிக்கொண்டு போன துளைகளைச் சுற்றிச் சிலந்தி வலையாக வெடிப்பு. பைபரில் திருகாணிக்குப் பிடிப்பு கிடையாது. ஓரம் ஓரமாக நொறுங்கி விட்டுவிடும்.

“இங்கன ஓட்ட போட்டு கயிறு கட்டுனா ரெண்டு நாளு வரும். மூணாம் நாளு விளிம்பே கையில வரும்” என்றார் பையனிடம்.

அவர் சொன்ன வேலை இது. விளிம்புக்கு உள்பக்கம் அடியில் ஒன்றரை அடிக்கு மரக்கட்டை, அதை விளிம்போடு சேர்த்து முழுக்கத் துளைக்கும் போல்ட். போல்ட் எவர்சில்வர்தான், வெறும் இரும்பு கூடாது. அடியில் அகலமான வாஷர், பாரம் ஒரே புள்ளியில் விழாமல் பரவுவதற்கு. போல்ட் போகும் துளையின் ஓரம் முழுக்கப் பிசின் பூசி அடைக்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் உள்ளே இறங்கிப் பைபர் ஏடு ஏடாகப் பிரியும். பித்தளைத் தாங்கியோ இரும்புத் தாங்கியோ போட ஆசைப்பட்டால் ஆணி, போல்ட், தாங்கி எல்லாம் ஒரே உலோகமாக இருக்கட்டும். உப்புத் தண்ணீரில் இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டு இருந்தால் ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடும். “ஆனா நான் சொல்லுதேன், உனக்குத் தாங்கி வேண்டாம். கட்டையில முளையப் போடு. ஒடஞ்சா நீயே மாத்திக்கிடலாம்.”

“ரெண்டு நாளு ஆகுமா அண்ணாச்சி?”

“ஆகும். பிசின் காயணும்லா.”

பையன் கடலைப் பார்த்தான். அதற்குள் காற்று எழும்பியிருந்தது. வத்தைக்காரர் நங்கூரக் கயிற்றை இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டிருந்தார். லைப் ஜாக்கெட் உண்டா, ஜி.பி.எஸ். உண்டா என்று கேட்கிற அதிகாரிகள் ஒரு தடவையாவது துடுப்பை முளையில் மாட்டிக் காட்டச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. மாட்டிக் காட்ட முடியாத படகுகள் இந்தக் கரையிலேயே எத்தனையோ கிடக்கின்றன. பைபர் வந்த பிறகு துடுப்பு ஒப்புக்காகப் படகில் கிடக்கிறது, அது நிற்க வேண்டிய இடம் யார் கண்ணிலும் படாமல் போய்விட்டது.

“சரி, கட்டை போட்டே செய்ங்க” என்றான் பையன். ஓடாவி வேப்பங்கட்டையை மறுபடி கையில் எடுத்தார். பக்கத்துக்கு ஒன்று, அதற்கு மேல் உதிரியாக இரண்டிரண்டு, மொத்தம் ஆறு முளை வெட்டச் சொல்லி நீளத்தைக் குறித்துத் தன் கையாளிடம் கொடுத்துவிட்டு, கட்டைக்கு அளவெடுக்கப் படகுக்குள் இறங்கினார்.